கிளித்தட்டில் கிளி யார்?

கிளித்தட்டு ஆட்டத்தில் கிளி என்று பெயர் வாங்குகிறவன் பறந்து தப்புகிறவன் அல்லன். தப்பப் பார்ப்பவர்களைத் தொட்டுப் பிடிக்கிறவன். காவல் கட்சியின் தலைவன் அவன். வயலில் இறங்கிக் கதிரைக் கொத்துவது கிளியின் தொழில், அதை விரட்டுவது காவலின் தொழில் என்று காலங்காலமாகக் கேட்டு வளர்ந்த மொழி நம்முடையது. அந்த மொழி காவல்காரனுக்கே கிளி என்று பெயர் வைத்தது ஏன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் தொடங்கி நாஞ்சில் நாடு, யாழ்ப்பாணம், மராட்டியம், ஜாவா வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.

முதலில் ஆட்டம். தரையில் நீளவாக்கில் ஒரு செவ்வகம் கீறுவார்கள். நடுவில் தலையிலிருந்து கால்வரை ஒரு நெடுங்கோடு. அதை வெட்டிக்கொண்டு, காவல் கட்சியில் எத்தனை பேரோ அத்தனை குறுக்குக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவன் நிற்பான். அவன் இடவலமாக நகரலாம். கோட்டை விட்டுக் கால் இறங்கக் கூடாது. முதல் கோட்டில் நிற்கும் கிளிக்கு மட்டும் நெடுங்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் ஓடும் உரிமை உண்டு. பல ஊர்களில் கிளி கைதட்டினால்தான் ஆட்டம் தொடங்கும். எதிர்க்கட்சியார் கட்டம் கட்டமாகத் தாண்டிக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் போய், அதே வழியில் திரும்பி வெளியேற வேண்டும். இடையில் யார் மேலாவது கை பட்டுவிட்டால் ஆட்டம் கைமாறும். பந்தில்லை, மட்டையில்லை, காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லை. கோடு கீற ஒரு குச்சியும், நாலு வீட்டுப் பையன்கள் ஓட இடமும் இருந்தால் போதும்.

தென்கேரளத்தில் இதற்குக் கிளித்தட்டு என்று பெயர். யாழ்ப்பாணத்திலும் கிளித்தட்டுதான், தாச்சி என்ற பெயரும் அங்கே உண்டு. மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போனால் கிளியந்தட்டு, கிளியாந்தட்டு. தாச்சி என்பது தாய்ச்சி. விளையாட்டில் தலைமை ஏற்பவரையும், ஓடி வந்து தொட வேண்டிய இடத்தையும் தமிழ்ப் பிள்ளைகள் அந்தச் சொல்லால் குறிப்பார்கள். தாயிடம் வந்து சேர்ந்தவனை யாரும் தொடக் கூடாது என்ற நியாயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பெயரில் சிக்கல் இல்லை. கிளியில்தான் சிக்கல்.

ஆட்டம் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் ஆடப்பட்டது என்று பார்க்காமல் பெயரை ஆராய்வது வீண். தம்பானூரை இன்று அறிந்தவர்கள் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும், லாரி பேக்கர் கட்டிய சுருள்கோபுரக் காபி ஹவுஸையும்தான் அறிவார்கள். ரயில் இங்கே வந்தது 1931இல். அதற்கு முன்பு, 1918 முதல், கொல்லத்திலிருந்து வந்த பாதை நகரத்தின் மேற்கே சாக்கையோடு நின்றுவிட்டது. தம்பானூர் அப்போது தாழ்ந்த நிலம். வயலும் சதுப்பும் வாய்க்காலும். இன்றும் நல்ல மழை அடித்தால் பஸ் நிலையத்தைச் சுற்றி முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அந்த நிலத்தின் பழைய சுபாவம்தான். ரயில் பாதைக்கு அடியில் ஓடும் வாய்க்காலின் பெயர் ஆமயிழஞ்சான் தோடு. மலையாளத்தில் இழைதல் என்றால் ஊர்தல். ஆமை ஊர்ந்து போன வாய்க்கால், ஊரின் நடுவில், பெயரளவில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

பஸ் நிலையத்திலிருந்து கிழக்கேகோட்டைக்குப் போகும் வழியில் புத்தரிக்கண்டம் மைதானம். புத்தரி என்றால் புது அரிசி. கண்டம் என்றால் வயல். ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த வயல் அது. சுசீந்திரத்திலும் நாகர்கோவிலிலும் நிறைபுத்தரிசி என்பதும், யாழ்ப்பாணத்தார் புதிர் எடுத்தல் என்பதும் இந்தப் புத்தரியின் உறவுக்காரச் சடங்குகள். பொருட்காட்சியும் அரசியல் கூட்டமும் நடக்கும் மைதானமாக அந்த வயல் மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது. பெயர் மட்டும் நெல்லை விடவில்லை. கேரளத்து இளைஞர்கள் இன்றும் ஊர்ப்புறக் கிரிக்கெட்டைக் கண்டம் கிரிக்கெட் என்கிறார்கள். வாயடி அடித்துத் தோற்றவனைக் கண்டம் வழி ஓடச் சொல்கிறார்கள். கண்டத்தில் நாற்று நடுவதைப் பார்த்தே இராத பிள்ளைகள் வாயிலும் அந்தச் சொல் இருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு ஆண்டில் இரண்டு மழை. ஜூன் வாக்கில் வரும் இடவப்பாதி ஒன்று; அக்டோபர், நவம்பரில் வரும் துலாவர்ஷம் இன்னொன்று. பையன்களின் விளையாட்டு இந்த இரண்டு மழைக்கும் இடம்விட்டு அமைந்தது. மலையாளக் கர்க்கடக மாதத்தில் வாசலுக்கு வர முடியாது. திண்ணையில் புளியங்கொட்டையைக் கிலுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சிங்கம் பிறந்து மழை ஓய்ந்ததும் ஓணம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு விளைச்சலுக்கும் அறுப்பு மாதத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கன்னிப்பூ அறுப்பை ஒட்டித்தான் கிளித்தட்டின் காலம். அறுத்த வயலும் தென்னந்தோப்பும் ஈரம் காயாமல் இருக்கும். குச்சியால் கீறினால் கோடு நிற்கும், விழுந்தாலும் முட்டி அவ்வளவாகத் தேயாது. துலாவர்ஷம் போய்த் தனுவில் தரை இறுகிய பிறகு பம்பரமும் கோலியும், குட்டியும் கோலும். மீனம், மேடத்தில் பள்ளி விடுமுறையோடு முந்திரி விளையும். கோலிக்குப் பதில் பறங்கியண்டியை அடுக்கிவைத்து அடிப்பார்கள், ஜெயித்தவன் மடி நிறையக் கொண்டுபோவான். பறங்கியர் கொண்டுவந்த கொட்டை என்று அந்தப் பெயரிலேயே வரலாறு எழுதியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் ஆண்டு வேறு காற்றில் ஓடியது. அங்கே வாடைக்காற்று பட்டத்துக்கு உரியது; தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானம் கொள்ளாமல் பட்டம் ஏறும்.

ஆக, கிளித்தட்டு வயல் விட்டுப் போன இடத்தில், வயலின் வடிவத்திலேயே ஆடப்பட்ட ஆட்டம். கட்டங்கள் பாத்திகள். கோடுகள் வரப்புகள். காவல்காரன் வரப்பை விட்டு இறங்கக் கூடாது என்ற விதி, விளைந்த வயலில் காவல்காரன் நடக்கும் முறையை அப்படியே எடுத்துக்கொண்ட விதி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கிளிக்கு வருவோம்.

தமிழில் கிளி என்றால் கிளிதான். பச்சை உடம்பும் சிவந்த மூக்கும் உள்ள அந்த ஒரே பறவை. மலையாளத்தில் அப்படி இல்லை. எழுத்தச்சன் கிளிப்பாட்டில் பாடுகிற கிளி நம் கிளிதான் என்றாலும், வீட்டு முற்றத்துப் பேச்சில் கிளி என்பது சின்னப் பறவைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். மஞ்ஞக்கிளி என்றால் மாங்குயில். ஓலேஞ்ஞாலிக்கிளி என்றால் வால்காக்கை. நம் கிளியைத் தனியாகக் குறிக்க வேண்டுமானால் அவர்கள் தத்த என்பார்கள். நாம் பழைய இலக்கியத்தில் விட்டுவைத்த தத்தை அவர்கள் வாசலில் இன்னும் கத்துகிறது. ஒருவன் புத்தி பேதலித்து நின்றால் கிளி போயி என்று சொல்வதும் மலையாளப் பேச்சுத்தான். அங்கே போனது எந்த இனப் பறவை என்று யாரும் கேட்பதில்லை, பறவை போய்விட்டது, அவ்வளவுதான்.

தமிழில் இந்தப் பொதுப்பெயர் வேலையைப் பழங்காலத்தில் புள் என்ற சொல் செய்தது. பேச்சில் அது செத்துவிட்டது என்பார்கள். சாகவில்லை, பையன்களின் கையில் ஒளிந்திருக்கிறது. கிட்டிப்புள்ளில் வரும் புள் அதுதான். கூராக்கிய சின்னக் கட்டையை நுனியில் தட்டினால் எகிறுகிறது, எகிறியதை ஓங்கி அடித்தால் பறக்கிறது. அதனால் அது புள். கேரளத்தின் சில பகுதிகளிலும் இந்த ஆட்டத்துக்குச் சொட்டயும் புள்ளும் என்று பெயர். திருவனந்தபுரத்தில் குட்டியும் கோலும் என்பார்கள். கட்டை குட்டியாகிவிட்டது, பறவை இல்லை. கொங்கு நாட்டில் சில்லாங்குச்சி. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் அரசகுமாரர்கள் ஆடிக்கொண்டிருந்த வீடா கிணற்றில் விழ, துரோணர் அதை எடுத்துக்கொடுக்கிறார். அந்த வீடாவும் மராத்தியர் இன்று விட்டி என்கிற இந்தக் கட்டையும் ஒன்றுதான் என்பது பலர் கருத்து.

கிட்டி என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கிட்டுதல் என்றால் நெருங்குதல், இறுகுதல். பல் கிட்டிப்போயிற்று என்கிறோம். இரண்டு கழிகளை ஒரு முனையில் கட்டி, நடுவில் விரலை வைத்து நெரிக்கும் கருவிக்கும் கிட்டி என்றே பெயர். சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சிற்றதிகாரிகள் குடியானவர்களை என்னவெல்லாம் செய்தார்கள் என்று விசாரித்த சித்திரவதை விசாரணைக் குழுவின் 1855ஆம் ஆண்டு அறிக்கையில் இந்தக் கிட்டி பெயரோடு பதிவாகியிருக்கிறது. ஒரே சொல், ஒரே இரண்டு கழி. ஒன்று தகப்பனின் விரலை நெரித்தது, மற்றொன்று மகனின் கையில் பறவையாயிற்று. அறுப்பு முடிந்து வரி கட்ட வேண்டிய மாதங்களும் கிட்டிப்புள் ஆடும் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

ஓசை ஒத்துப்போவதை நம்பி ஏமாறக் கூடாது என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தம்பானூருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் கிள்ளிப்பாலம். கரமனை ஆற்றில் சேரும் கிள்ளியாற்றின் மேல் இருப்பதால் அந்தப் பெயர். கிள்ளி வேறு, கிளி வேறு. இரண்டுக்கும் நடுவில் கில்லி என்று ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அது கிட்டிப்புள்ளில் வரும் புள்ளுக்கு இந்தியில் உள்ள பெயர். 2004இல் வந்த விஜய் படத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், படத்தில் அவர் ஆடுவதோ கபடி. படம் ஓடிய ஓட்டத்தில் கில்லி என்றால் கெட்டிக்காரன் என்று தமிழில் நிலைத்துவிட்டது. இன்று அந்தச் சொல்லைச் சொல்கிற பிள்ளைகளில் அது ஒரு கட்டைத் துண்டின் பெயர் என்று அறிந்தவர்கள் குறைவு.

கிழக்கேகோட்டையில் நின்றால் இன்னொரு கிளியையும் பார்க்கலாம். கேரளத்துத் தனியார் பஸ்களில் கண்டக்டர் போக, வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர் கூவி, ஆளை ஏற்றி, பஸ்ஸின் பக்கத்தைத் தட்டி டிரைவருக்குச் சைகை கொடுக்கும் உதவியாளனைக் கிளி என்பார்கள். கூட்டில் இருந்து தலையை நீட்டிச் சத்தமிடுவதால் வந்த பெயர் என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் பாதிதான் நிறைகிறது. டிரைவருக்கு இருக்கை உண்டு, கண்டக்டருக்கும் உண்டு. நிலையான இடம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடுகிறவன் அவன் ஒருவன்தான். கிளித்தட்டிலும் மற்றவர்கள் கோட்டோடு கட்டப்பட்டவர்கள். கட்டில்லாமல் திரிகிறவன் கிளி. இரண்டு இடத்திலும் அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது அவனுடைய சுதந்திரமான நடமாட்டம் என்றே நான் நினைக்கிறேன். கிளிக்குச் சின்னப் பறவை என்ற பொதுப்பொருளைக் கொடுத்துப் படித்தால் காவலன், திருடன் என்ற முரண்பாடே எழாது. பறக்கிறவன் பறவை. அவன் பறப்பது ஓடிப்போவதற்காக இல்லாமல் விரட்டுவதற்காக என்பது ஆட்டத்தின் விதி, பெயரின் குற்றம் இல்லை.

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு. அதைத் தட்டு என்ற பாதியில் தேட வேண்டும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்று மூன்றைச் சொல்கிறது. தட்டை என்பது மூங்கிலைப் பிளந்து ஓசை எழத் தட்டுகிற கருவி. கிளியை ஓட்டும் தட்டை, கிளித்தட்டை. அது தேய்ந்து கிளித்தட்டு. விளைநிலம், காவல், ஊடுருவல் எல்லாம் ஆட்டத்தில் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கக் கைதட்டும் வழக்கமும் கூடவே வந்து சாட்சி சொல்கிறது. படிக்கிறபோது மயிர்க்கூச்செறியும் விளக்கம். இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி என்று மேடையில் பேசலாம்.

எனக்கு அது சம்மதமாக இல்லை. கிளியை ஓட்டும் தட்டையிலிருந்து பெயர் வந்திருந்தால் வயலில் இறங்குகிறவனுக்குத்தான் கிளி என்ற பெயர் தங்கியிருக்க வேண்டும். எந்த ஊரிலும் அப்படித் தங்கவில்லை. யாழ்ப்பாணம், நெல்லை, திருவனந்தபுரம் மூன்றிலும் கிளி காவல் கட்சியில்தான் இருக்கிறது. கடலும் மலையும் பிரித்த மூன்று இடங்களில் ஒரே ஒழுங்கு நிற்கிறது என்றால் அதுவே பழைய ஒழுங்கு. அடுத்தது, தட்டு என்ற சொல்லுக்கு ஆட்டக்காரர்களே பொருள் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றாம் தட்டு, இரண்டாம் தட்டு என்றுதான் எண்ணுகிறார்கள். அடுக்கு, நிலை என்ற பொருளில் வரும் தட்டு அது. கப்பலின் தளத்தைத் தட்டு என்கிறோம். தென்பாண்டியில் மொட்டை மாடியைத் தட்டட்டி என்பார்கள். மலையாளத்தில் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலமும் தட்டுதான். பறவை மாறி மாறிப் பாயும் தட்டுகள், கிளித்தட்டு. எளிய விளக்கம். எளிமை என்பதற்காக மட்டும் அதை ஏற்கவில்லை, ஆட்டம் ஆடுகிறவர்களின் வாய்ச்சொல் அதன் பக்கம் இருக்கிறது.

கிளியந்தட்டு என்ற நெல்லை வடிவம் ஓர் அழகான பிழை. புளி, காய் இரண்டும் சேர்ந்தால் புளியங்காய். நடுவில் அம் என்ற சாரியை வரும். மரப்பெயர்களுக்கு உரிய சாரியை அது. கிளியோடு கூடு சேர்ந்தால் கிளிக்கூடுதான், கிளியங்கூடு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நாளெல்லாம் புளியங்காய், புளியங்கொட்டை, புளியந்தோப்பு என்று புழங்கிய பையன்கள், அதே புளியமரத்து நிழலில் ஆடிய ஆட்டத்துக்கும் அந்தச் சாரியையைக் கொடுத்துவிட்டார்கள். இலக்கணம் தெரியாமல் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். காதில் இருந்த இலக்கணத்தை நீட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் கிளியைக் காட்டிலும் ஆழமான சொல் ஒன்று இருக்கிறது. கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்புகிறவனுக்கு யாழ்ப்பாணத்தில் பழம் என்று பெயர். இன்னும் போய்க்கொண்டிருப்பவன் காய். காயும் பழமும் ஒரே கட்டத்தில் சந்திக்கக் கூடாது என்பது விதி. திருவனந்தபுரத்தில் இதே விதி உண்டு, சொற்கள் வேறு. போகிறவன் பச்சை. திரும்புகிறவன் உப்பு. கேரளத்தின் சில இடங்களில் ஆட்டத்துக்கே உப்புகளி என்று பெயர். தமிழ்நாட்டிலும் உப்புக்கோடு என்ற பெயர் கேட்கிறது. கோட்டைத் தாண்டியதும் உப்பு என்று கத்த வேண்டும், கத்தினால்தான் செல்லும்.

ஏன் உப்பு? வடக்கே போனால் கேள்வி இன்னும் சுவையாகிறது. மராட்டியத்தில் இந்த ஆட்டம் ஆட்யா பாட்யா. அதற்கு லோண்பாட் என்றும் ஒரு பெயர் உண்டு. போய்த் திரும்பி முடித்தால் கிடைப்பது லோண். மராத்தியர் சமையலறையில் உப்பை மீட் என்கிறார்கள். லோண் அதன் பழைய பெயர், ஊறுகாய்க்கு வழங்கும் லோண்சே என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜாவாவுக்குப் போனால் கோபக் சோடோர் என்றொரு பெயர், கலா ஆசின் என்றொரு பெயர். கலா என்றால் நீண்ட கழி; ஆசின் என்றால் உப்புக் கரிப்பு. மலேசியாவில் கலா பஞ்சாங், அதாவது நெடுங்கழி. கோபக் சோடோர் என்பது ஆங்கிலத்தில் வாசலுக்குத் திரும்பிப் போ என்று சொல்வதன் சிதைவு என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. சோடோர் ஜாவானிய மொழியில் முனை மழுங்கிய ஈட்டி. குதிரை மேலிருந்து அதை வைத்து மோதுகிற வீர விளையாட்டு அந்நாட்டில் இருந்தது. கழியும் ஈட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஆங்கிலத்தை அழைத்துவர வேண்டிய தேவை இல்லை. அந்த மக்கள் நடுவில் ஓடும் நெடுங்கோட்டைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் அதன் மேல் ஓடுகிறவனைப் பார்த்து வைத்தோம். உப்பு மட்டும் இரு பக்கத்துக்கும் பொது.

உப்பளத்திலிருந்து காவலை ஏய்த்து உப்பு எடுத்துவருவதே இந்த ஆட்டத்தின் மூலம் என்று மராட்டியத்தில் ஒரு விளக்கம் உண்டு. கன்னியாகுமரிப் பக்கம் புத்தளத்திலோ தாமரைக்குளத்திலோ உப்பளக் கரையில் ஒருமுறை நின்றவர்கள் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். நீள் சதுரப் பாத்திகள், நடுவில் ஒரு நீண்ட வரப்பு, குறுக்கே சின்ன வரப்புகள். யாரோ கிளித்தட்டுக்குக் கோடு கீறி வைத்தது போல இருக்கும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் உப்பு அரசின் பொருள், காவலில் இருந்த பொருள். 1865இல் ஆங்கிலேயரோடு செய்த வணிக உடன்படிக்கைக்குப் பிறகு இங்கும் உப்பு விலை பிரிட்டிஷ் இந்திய விலைக்கு ஏறியது. காவல் என்றால் பிள்ளைகள் நெல்லை மட்டுமே நினைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தம்பானூரில் ஒரு பூங்காவுக்குப் பொன்னற ஸ்ரீதரின் பெயர். 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருவனந்தபுரத்திலிருந்து மலபாருக்குத் தொண்டர்களை அழைத்துப்போனவர் அவர். கோட்டைத் தாண்டி உப்பு எடுப்பது என்பது அந்தத் தலைமுறைக்கு விளையாட்டுச் சொல்லாக மட்டும் இருந்திருக்காது.

இருந்தாலும், பச்சை என்ற இணைச்சொல்லைக் கணக்கில் எடுக்காத விளக்கம் முழு விளக்கம் ஆகாது. பச்சைக்கு எதிர்ச்சொல் பழுத்தது, அல்லது வெந்தது, அல்லது உப்பிட்டது. மாங்காயைப் பறித்தபடி தின்றால் பச்சை. உப்பிலிட்டால் உப்புமாங்காய், மாதக்கணக்கில் கெடாது. யாழ்ப்பாணத்தார் மரத்திலேயே பழுக்கவைத்தார்கள், திருவனந்தபுரத்தார் பரணியில் போட்டு உப்பேற்றினார்கள். காய் பழமாவதும் பச்சை உப்பாவதும் ஒரே மாற்றத்தைச் சொல்லும் இரண்டு சமையல் வழிகள். மராத்தியில் லோணிலிருந்து லோண்சே பிறந்ததும் இதே பாதைதான். ஒருமுறை அக்கரை போய்வந்தவன் இனிப் பழைய ஆள் அல்லன். பழைய ஆட்களோடு ஒரே கட்டத்தில் அவன் நிற்பது முறையல்ல. உப்பளக் கதையா, ஊறுகாய்க் கதையா என்றால் நான் பின்னதன் பக்கம். கேரளமும் ஈழமும் ஒரே விதிக்கு இரண்டு உவமை கொடுத்திருப்பது அதற்குச் சான்று. உப்பளம் ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்திருக்கலாம். சொல்லைக் கொடுத்தது அடுப்படி.

இந்த உப்பு உலகம் சுற்றவும் போனது. கபடியில் எதிர்க்கட்சி முழுவதும் வெளியேறினால் கூடுதலாக 2 புள்ளி உண்டு. அதற்குப் பெயர் லோனா. மராட்டியத்தில் கபடிக்கு விதி எழுதியவர்கள் அங்கே ஏற்கெனவே புழங்கிய லோணை எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி பதக்கப் போட்டியாக நுழைந்தபோது அந்தச் சொல்லும் கூடப் போனது. ஜப்பானியரும் ஈரானியரும் கொரியரும் உப்பு என்று அறியாமலே உப்புக் கேட்டார்கள். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீகின் ஒளிபரப்பில் லோனாவை எடுத்துவிட்டு ஆல் அவுட் என்று போட்டார்கள். தமிழ் வர்ணனையிலும் இப்போது அதுவே கேட்கிறது. ஊர்க் கபடிப் போட்டிகளில் நடுவர்கள் இன்னும் லோனா என்றுதான் விசில் ஊதுகிறார்கள்.